நெற்றிக் கோட்டுக்கு ஐந்து சாட்சி

1. பெயர் எடுத்துத் தந்த வேலை

முதல் நாள் காலை ஆறரை மணி. கனடாவின் ஸ்காபரோவில் ஒரு மஃபின் பேக்கரி. ஏஜென்சி அனுப்பிய ஒன்பது பேர் வாசலில் வரிசையாக நின்றோம். சுப்பவைசர் ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு, பெயர் கூப்பிட்டு, யார் எந்த லைனுக்குப் போவது என்று சொல்லிக்கொண்டு வந்தார்.

“அன்ரனி பெர்னாண்டோ!”

“யெஸ் சேர்.”

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. தாளைத்தான் பார்த்தார். “பெர்னாண்டோ, லைன் நாலு,” என்றார்.

பிள்ளைகளே, மன்னாரில் எங்கள் பக்கம் பெர்னாண்டோக்களும் குரூஸ்களும் மிராண்டாக்களும் தெருவுக்குத் தெரு இருக்கிறோம். போர்த்துக்கேயர் விட்டுவிட்டுப் போன பெயர்கள். சுப்பவைசருக்கு அது எங்கே தெரியும்? லைன் நாலில் எல்லோரும் ஸ்பானிஷ் பேசுகிறவர்கள். பெர்னாண்டோ என்றால் ஸ்பானிஷ்காரன்தான் என்று அவர் முடிவு கட்டிவிட்டார்.

லைன் நாலின் தலைவி மார்த்தா. எல் சல்வடோரில் இருந்து வந்தவர். கட்டையான, பரந்த தோளுள்ள பெண். என் பெயர் அட்டையைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, இரண்டு நிமிடம் மூச்சு விடாமல் ஸ்பானிஷில் பேசினார். நான் மரியாதைக்கு “ஓம், ஓம்” என்று தலையாட்டினேன். கடைசியில் அவர் ஏதோ கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்து நின்றார். அதற்கும் “ஓம்” என்றேன்.

அவர் கேட்டது, எந்த நாடு என்று. ஒரு கிழமையாக லைன் நாலு முழுக்க நான் ‘ஓம்’ என்ற நாட்டில் இருந்து வந்தவன் என்றே நம்பியிருந்தது.

லைனை மாற்றித் தரும்படி பிறகு கேட்டேன். “நீ நல்லாத்தானே செய்கிறாய், அங்கேயே நில்,” என்றார் சுப்பவைசர். அப்படியே பதினேழு வருடம் நின்றுவிட்டேன். நான் எங்கள் ஊரில் படித்தது பத்தாம் வகுப்பு வரைதான். ஆனால் ஸ்பானிஷ் மட்டும் மஃபின் தட்டுகளோடு சேர்ந்து தானாக வந்தது.

இனி மார்த்தாவும் மற்றவர்களும் பேசுவதெல்லாம் ஸ்பானிஷ் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்காக எங்கள் பேச்சில் எழுதுகிறேன்.

2. சாப்பாட்டு மேசையும் ஓர் அகராதியும்

எங்கள் மத்தியானச் சாப்பாட்டு மேசை ஒரு பாராளுமன்றம். எல்லோருக்கும் ஸ்பானிஷ்தான், ஆனால் சாமான் ஒன்று, பெயர் நாலு. பானையின் அடியில் ஒட்டிப்பிடித்த சோறு இருக்கிறதல்லவா? எக்குவடோர்காரர் அதைக் கொக்கொலோன் என்பார். கொலம்பியாக்காரி பேகா என்பாள். இரண்டு பேரும் சாப்பாட்டை மறந்து சண்டை பிடிப்பார்கள். நான் இடையில் புகுந்து, “அது என்ன? எப்பிடி இருக்கும்? ஆர் சொல்லுறது?” என்று கேட்டுச் சின்னக் கொப்பியில் தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்வேன். கொப்பியை லைனுக்குள் கொண்டுபோக விடமாட்டார்கள். அது சாப்பாட்டுப் பையிலேயே இருக்கும்.

அந்தக் கொப்பியில் எனக்குப் பிடித்த சொல் ‘கொங்குன்யாதோ’. மனைவியின் சகோதரியின் கணவன். இங்கிலிஷில் அதற்கு ஒரு சொல் கிடையாது. “எங்கட பாசையில இருக்கு, சகலன்,” என்று நான் சொன்னபோது மார்த்தா எழும்பி வந்து என் கையைக் குலுக்கினார்.

ஒருநாள் இப்படியொரு சண்டையைத் தீர்க்க மார்த்தா போனில் தேடியபோது ஒரு வெப்சைற் அகப்பட்டது. புதிதாக முளைக்கிற ஸ்பானிஷ் சொற்கள், பெரிய அகராதிகளில் ஏறாத சொற்கள் இவற்றுக்கென்று எல்லோரும் சேர்ந்து எழுதுகிற அகராதி. யாரும் சொல் கொண்டுவரலாம், யாரும் விளக்கம் எழுதலாம். மேற்பார்க்க மட்டும் சில தொண்டர்கள் இருக்கிறார்கள்.

“நீர் எழுதும் அந்தோனியோ,” என்றார் மார்த்தா. அன்ரனி லைன் நாலில் அந்தோனியோ ஆகிவிட்டிருந்தான். “நாங்கள் பிறந்ததில இருந்து கதைக்கிற சொல்லு எண்டபடியா எங்களுக்கு விளக்கம் சொல்ல வருதில்லை. உமக்குத்தான் ஒண்டும் தெரியாது. நீர்தான் சரியான ஆள்.”

என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் எழுத்து வேலை இந்தத் தகுதியில்தான் கிடைத்தது.

நான் எழுதிய முதல் சொல் ‘குவாஸபெயார்’. வட்ஸ்அப்பில் இருந்து பிறந்த வினைச்சொல். நன்றாக யோசித்து இப்படி எழுதினேன்: “காலையில் எழும்பியவுடன் சொந்தக்காரர் எல்லோருக்கும் பூப்படமும் குட்மோர்னிங்கும் அனுப்புதல்.”

மேற்பார்க்கிறவரிடம் இருந்து பதில் வந்தது. பெயர் பிலார். உருகுவேயில் இருக்கிறார், மருந்துக்கடை வைத்திருந்து ஓய்வு பெற்றவர். இன்றுவரை நான் அவரை நேரில் கண்டதில்லை.

“திரு. அந்தோனியோ, இது சொல்லின் விளக்கம் இல்லை. உங்கள் குடும்பத்தின் விளக்கம். சொல் என்ன வேலை செய்கிறது?”

வெட்கமாகப் போய்விட்டது. “வட்ஸ்அப்பில் செய்தி அனுப்புதல்” என்று திருத்தி அனுப்பினேன்.

“சரி. சுவையில்லாமல் இருக்கிறது. நல்லது,” என்று பதில் வந்தது.

மருந்து நிறுக்கிறவர் மாதிரித்தான் அவர் சொல் நிறுப்பார். ஒரு துளி கூடினாலும் திருப்பி அனுப்புவார். இரண்டு வருடத்தில் அறுபது சொற்களுக்கு மேல் எழுதினேன். அதில் பாதியை அவர் இரண்டு தரமாவது திருப்பியிருப்பார்.

3. ராயமாயா

இனித்தான் விஷயத்துக்கு வருகிறேன்.

சாப்பாட்டுச் சாமான் செய்கிற இடங்களில் தலைமயிர் விழாமல் இருக்க ஒரு வலைத்தொப்பி போடுவோம். ஹெயர்நெற் என்பார்கள். அதன் இலாஸ்டிக் எட்டு மணித்தியாலம் நெற்றியில் இறுகிக் கிடக்கும். கழற்றினால் நெற்றியில் குறுக்காக ஒரு சிவப்புக் கோடு. பஸ்ஸில் ஏறினால் யார் யார் ஃபக்ரறியில் இருந்து வருகிறார்கள் என்று நெற்றியைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

தமிழில் அதற்குப் பெயர் இல்லை. இங்கிலிஷிலும் நான் கேட்டதில்லை. லைன் நாலில் இருந்தது: ‘ராயமாயா’. ராயா என்றால் கோடு, மாயா என்றால் வலை. யார் முதலில் சொன்னது என்று ஒருவருக்கும் தெரியாது. நான் வருவதற்கு முதலே இருந்த சொல்.

“இதைப் போடுவம்,” என்றார் மார்த்தா. “என்ர பேரில போடுவம். கொண்டுவந்தவர் மார்த்தா எண்டு.”

நான் விளக்கம் எழுதினேன்: “நீண்ட நேரம் அணிந்திருந்த ஹெயர்நெற்றைக் கழற்றிய பின் நெற்றியில் தெரியும் சிவப்புக் கோடு.”

“நல்ல விளக்கம்,” என்று எழுதினார் பிலார். எனக்குத் தலைகால் தெரியவில்லை. கீழே இன்னொரு வரி இருந்தது: “இனிச் சாட்சி.”

அந்த அகராதியின் சட்டம் இது. புதுச்சொல் என்றால் அதைப் பேசுகிற ஐந்து பேரைக் காட்ட வேண்டும். சொல்லைக் கொண்டுவந்தவரோடு ஒரே வீட்டில் இருக்கிறவர் ஆகாது, வேலையிடத்தார் ஆகாது. முப்பது நாள் தவணை. தவறினால் சொல்லின் குறுக்கே ஒரு கோடு இழுத்து, “ஆதாரம் இல்லை” என்று எழுதி, கொண்டுவந்தவர் பெயரோடு அந்தப் பக்கத்தை அப்படியே விட்டுவிடுவார்கள். எல்லோரும் பார்க்கலாம்.

அதற்குள் மார்த்தா அவசரப்பட்டுவிட்டார். தன் குடும்ப வட்ஸ்அப் குழுவில் அந்தப் பக்கத்தைப் படம் பிடித்துப் போட்டுவிட்டார், “எங்கட சொல்லு அகராதிக்குப் போகுது” என்று. அந்தக் குழுவில் அவருடைய அண்ணன் பெண்சாதி லொரேனா இருக்கிறார். ஹூஸ்டனில் ஒரு பல் வைத்தியரின் ஒஃபிஸில் வேலை. யார் என்ன எழுதினாலும் அதில் உள்ள பிழையைத் திருத்தி, கீழே நட்சத்திரம் போட்டு அனுப்புகிறவர். பதினாலு வருடமாக மார்த்தா அந்த நட்சத்திரங்களை வாங்கிக்கொண்டிருக்கிறார்.

லொரேனா எழுதினார்: “அப்பிடியொரு சொல்லே இல்லை, மார்த்தா. உங்கட ஃபக்ரறியில ஆரோ இட்டுக்கட்டினது. எங்களைப் பாத்து ஆக்கள் சிரிக்கப் போகினம்.”

மார்த்தா போனை என் முகத்துக்கு நேரே பிடித்தார். “பாரும். வாசியும். அவ வாறா, தெரியுமோ? என்ர பேரப்பிள்ளையின்ர ஞானஸ்நானத்துக்கு. அவ வந்து இறங்கிறது முப்பதாம் நாள்.”

“ஓம்.”

“ஓமில்லை! அவ என்ர வாசல்ல கால் வைக்கேக்க அந்தச் சொல்லு அகராதியில இருக்கோணும். கோடு கீறி, என்ர பேரோட கிடந்துதெண்டால், அந்தோனியோ, நான் ஊருக்குத் திரும்பிப் போயிடுவன்.”

4. பதினொரு சாட்சியும் நாற்பது ரோல்ஸும்

வோபர்னில் எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குத் தமிழ்ப் பூசை, ஒரு மணிக்கு ஸ்பானிஷ் பூசை. நாங்கள் கோயில் ஹோலை விட்டு வெளியே வர, அவர்கள் உள்ளே வருவார்கள். சாட்சி பிடிக்க இதைவிட நல்ல இடம் ஏது என்று வீட்டில் சொன்னேன்.

“வெறுங்கையோட போய் ஆக்களிட்டக் கேள்வி கேக்கிறதோ?” என்றார் என் மனைவி றீற்றா. “என்ன மனிசரெண்டு நினைப்பினம்?”

நியாயமாகத்தான் பட்டது. சனிக்கிழமை பின்னேரம் முழுவதும் இருந்து நாற்பது மட்டன் ரோல்ஸ் சுட்டார். அடுத்த நாள் நான் ஹோல் வாசலில் தட்டோடு நின்றேன். ஒவ்வொருவருக்கும் முதலில் ரோல்ஸ். கடித்து, கண்ணை மூடி, “ஆஹா” சொன்ன பிறகு கேள்வி: “நெற்றியில ஹெயர்நெற் கோடு விழுந்தால் நீங்கள் ராயமாயா எண்டுதானே சொல்லுறனீங்கள்?”

“ஓமோம், ராயமாயா!”

“எங்கட பக்கம் எல்லாரும் அப்பிடித்தான்.”

ஒரு வயதானவர் இரண்டாவது ரோல்ஸை எடுத்துக்கொண்டே, “என்ர தாத்தா எப்பவும் சொல்லுவார்,” என்றார்.

அரை மணித்தியாலத்தில் பதினொரு பேர். பெயர், ஊர், சொன்னது எல்லாம் எழுதி, கையெழுத்தும் வாங்கினேன். ஐந்து கேட்ட இடத்தில் பதினொன்று. அன்று பின்னேரமே அனுப்பினேன். மார்த்தாவுக்கும் போன் எடுத்துச் சொன்னேன். அவர் மறுமுனையில் பாடினார்.

செவ்வாய்க்கிழமை பிலாரின் கடிதம் வந்தது.

“திரு. அந்தோனியோ, ஏழாவது சாட்சியின் தாத்தா என்ன தொழில் செய்தார் என்று விசாரித்துச் சொல்வீர்களா?”

விசாரித்தேன். மீன்பிடி.

“அவர் படகில் ஹெயர்நெற் போட்டாரா?”

அடுத்த கேள்வி வந்தது: “நீங்கள் கேட்ட வாக்கியத்தை அப்படியே எழுதுங்கள். கேட்கும்போது உங்கள் கையில் என்ன இருந்தது?”

பொய் எழுத மனம் வரவில்லை. வாக்கியத்தையும் எழுதினேன், ரோல்ஸையும் எழுதினேன்.

“அந்தப் பதினொரு பேரும் ரோல்ஸுக்குச் சாட்சி சொல்லியிருக்கிறார்கள்,” என்று பதில் வந்தது. “சொல்லுக்கு இல்லை. எல்லாவற்றையும் வெட்டிவிட்டேன். இன்னும் இருபது நாள் இருக்கிறது.”

எனக்குக் கோபம். மார்த்தாவுக்கு அதைவிடக் கோபம். “உவ ஆர், கோயிலுக்கு வாற சனத்தைப் பொய்யர் எண்டு சொல்ல? வாரும், நான் பிடிச்சுக் காட்டுறன்.”

அடுத்த ஞாயிறு மார்த்தாவே தட்டோடு நின்றார். படகுத் தாத்தாவின் பேரன் வந்தார். மார்த்தா அவருக்கு ஒரு ரோல்ஸ் கொடுத்துவிட்டு, ரோல்ஸ் எடுக்கிற இடுக்கியைத் தூக்கிக் காட்டினார். “ஐயா, உங்கட பக்கம் இதைத் திக்கிதாக்கா எண்டுதானே சொல்லுறது?”

அப்படி ஒரு சொல் உலகத்தில் இல்லை. அந்த நிமிடம் மார்த்தாவின் வாயில் வந்தது.

“பின்னே? திக்கிதாக்காதான்,” என்றார் அவர் வாயை நிரப்பிக்கொண்டு. “என்ர தாத்தாவும்...”

மார்த்தா தட்டை என் கையில் தந்துவிட்டு, தலையில் கையை வைத்துக்கொண்டு படியில் இருந்துவிட்டார்.

பிள்ளைகளே, அந்த மனிதரில் பிழை இல்லை. எங்கள் வீடுகளிலும் இதுதானே நடக்கிறது? ஒருவர் சாப்பாடு தந்து, அன்பாகச் சிரித்து, “இது இப்படித்தானே?” என்று கேட்டால், இல்லையென்று சொல்ல எங்களில் யாருக்கு வாய் வரும்? அவர்களும் எங்களைப் போலத்தான். கொடுக்காமல் கேட்கத் தெரியாத நானும், வாங்கிவிட்டு மறுக்கத் தெரியாத அவர்களும் சேர்ந்து ஒரு சொல்லைக் கொல்லப் பார்த்தோம்.

5. கையை வீசிக்கொண்டு

பிலாரிடம் மன்னிப்புக் கேட்டு, எப்படித்தான் கேட்பது என்று எழுதினேன். மூன்று வரியில் பதில்:

“சொல்லை நீங்கள் சொல்லாதீர்கள். பொருளைக் காட்டுங்கள். கையில் ஒன்றும் கொண்டுபோகாதீர்கள்.”

பொருள் என் நெற்றியிலேயே இருந்தது. மூன்று மணிக்கு ஷிவ்ற் முடிந்ததும் எல்லோரும் முகம் கழுவி, கிறீம் பூசி, கோட்டைத் தேய்த்து எடுப்பார்கள். நான் அப்படியே வெளிக்கிட்டேன். மார்க்கம் ரோட் பஸ்ஸில் ஏறி, ஸ்பானிஷ் பேசுகிறவர்களாகப் பார்த்துப் பக்கத்தில் போய் நின்று, நெற்றியைத் தொட்டுக் காட்டி, “மன்னிக்கோணும், இதை நீங்கள் என்னெண்டு சொல்லுவியள்?” என்று கேட்டேன்.

முதல் நாள் ஏழு பேர். ஒருவர் “அடையாளம்” என்றார். ஒருவர் “வேர்வை” என்றார். ஒருவர் “வயசு” என்றார். ஒரு அம்மா கைப்பையைத் திறந்து, எனக்குப் பூசுகிற மருந்தொன்றைத் தந்துவிட்டு இறங்கிப் போனார். பின் சீற்றில் இருந்த எங்கள் ஆள் ஒருவர், “தம்பி, நெத்தியில என்ன? ஆரும் அடிச்சவையோ?” என்று தமிழில் கேட்டார்.

ராயமாயா ஒன்றுகூட இல்லை. அதையும் அப்படியே எழுதி அனுப்பினேன். “இப்போதுதான் வேலை தொடங்கியிருக்கிறீர்கள்,” என்றார் பிலார்.

என் மகள் ஷரன் என்னோடு கடைக்கு வர மறுத்தாள். “அப்பா, திஸ் இஸ் சோ எம்பரஸிங். ஸ்ரேஞ்சேஸிட்டப் போய் நெத்தியைக் காட்டுறியள். ப்ளீஸ், ஜஸ்ற் வோஷ் யுவ ஃபேஸ்.”

நாலாம் நாள். மீனைப் பெட்டியில் அடைத்துப் பக் பண்ணுகிற இடத்தில் வேலை செய்கிற ஒரு பெண். நான் நெற்றியைக் காட்டிக் கேட்டேன். அவள் போனில் இருந்து தலையை நிமிர்த்தி, ஒரு கணம் பார்த்து, “ஓ, ராயமாயா,” என்றுவிட்டுத் திரும்பப் போனைப் பார்த்தாள்.

பஸ் நிற்காமலே நான் இறங்கப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு மெல்ல மெல்லச் சேர்ந்தது. பிக்கரிங்கில் சலாட் பக் பண்ணுகிற ஒருவர். உடுப்புத் தோய்க்கிற கடையில் ஒரு தாயும் மகளும்; அவர்கள் ஒரே வீட்டார், ஒரே ஆளாகத்தான் எண்ணலாம் என்றார் பிலார். ஸ்ரௌவ்வில் பக்கம் காளான் பண்ணையில் வேலை செய்த ஒரு குவாத்தமாலாக்காரர். ஆக மொத்தம் நாலு. இடையில் ஒரே இடத்தில் வேலை செய்கிற மூன்று பேர் அதைக் கொரோனா, அதாவது கிரீடம், என்று சொன்னார்கள். அதையும் எழுதினேன். மார்த்தாவுக்கு அது பிடிக்கவில்லை.

“ஏன் காணும் அதையெல்லாம் எழுதுறீர்? நீர் ஆற்ற பக்கம்?”

“கேட்டதை எழுதத்தானே வேணும்?”

“பெரிய ஞானி,” என்றுவிட்டு மஃபின் தட்டுகளைப் படாரென்று அடுக்கினார்.

முப்பதாம் நாள் வந்துவிட்டது. சனிக்கிழமை. நாலு சாட்சி, ஒன்று குறைவு.

6. சட்டியோடு நின்ற சாட்சிக்காரன்

அன்று ஓவர்டைம் இருந்தது. ஷிவ்ற் முடிய ஒரு மணி. அடுத்த நாள் ஞானஸ்நான விருந்துக்கு மார்த்தாவுக்கு ஒரு பெரிய சட்டி தேவைப்பட்டது. கோயில் குசினியில் கேட்டு வாங்கி, அன்று றீற்றாவிடம் கேட்டு எடுத்து வந்த காரிலேயே மார்த்தாவையும் சட்டியையும் ஏற்றிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் மார்த்தா போனில் அந்த அகராதிப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். முகம் கழுவக்கூட மனமில்லாமல் வந்திருந்தார்.

கதவைத் திறந்தவர் லொரேனா. காலையே வந்து இறங்கி, ஏப்ரனும் கட்டி, குசினியைக் கையில் எடுத்துவிட்டார் என்று பார்த்தவுடன் தெரிந்தது. நான் பயந்த மாதிரி ஆள் இல்லை. மார்த்தாவை இறுகக் கட்டிப் பிடித்தார். பிறகு இரண்டு கையாலும் முகத்தைப் பிடித்து, பெருவிரலால் நெற்றியைத் தடவினார்.

“ஐயோ மார்த்தா, இந்த ராயமாயாவோடயோ நாளைக்குப் படத்துக்கு நிக்கப் போறாய்? வா, கிறீம் பூசிவிடுறன்.”

நான் சட்டியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு வாசலில் நின்றேன்.

“என்ன சொன்னனீ?” என்றார் மார்த்தா.

“கிறீம் பூசிவிடுறன் எண்டனான்.”

“அதுக்கு முதல்.”

லொரேனாவின் விரல் நெற்றியிலேயே நின்றுவிட்டது. அவருக்கு விளங்கிவிட்டது.

“அந்தோனியோ!” என்று கத்தினார் மார்த்தா. “கேட்டனீரோ? எழுதும்! எழுதும்!”

“சட்டியை எங்க வைக்கிறது?” என்றேன் நான்.

தரையில் வைத்துவிட்டுக் கொப்பியை எடுத்தேன். சாட்சியிடம் எங்கே பழகிய சொல் என்று கேட்க வேண்டும், அது சட்டம். கேட்டேன். லொரேனா வீட்டு ஹோல் பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே பிள்ளைகள் பந்து மட்ச் பார்த்துச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“கோழி வெட்டுற ஃபக்ரறி. ஹூஸ்டனுக்கு வந்து முதல் மூண்டு வருஷம். உன்ர அண்ணனுக்கு மட்டும்தான் தெரியும், மார்த்தா. ஊரில அம்மாவுக்கு ஒஃபிஸ் வேலை எண்டு சொல்லியிருந்தனான். படம் எடுத்து அனுப்பிறதுக்கு முதல் அரை மணித்தியாலம் நெத்தியைத் தேய்ப்பன்.”

பதினாலு வருடம் காத்திருந்த மார்த்தா இந்த இடத்தில் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். ஹோலைப் பார்த்துக் குரல் கொடுத்து எல்லோரையும் கூப்பிடுவார் என்று நினைத்தேன். அவர் தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு என் கொப்பியை மூடிவிட்டார்.

“எழுத வேண்டாம், அந்தோனியோ.”

“இண்டைக்குத்தான் கடைசி நாள்,” என்றேன். “நாலு பேர் காணாது. கோடு கீறிப் போடுவினம். உங்கட பேரோட.”

“தெரியும். கீறட்டும்.”

லொரேனா கையை ஏப்ரனில் துடைத்தார்.

“நீங்கள் எழுதின விளக்கத்தை வாசியுங்கோ.”

வாசித்தேன். ஹெயர்நெற்றைக் கழற்றிய பின் நெற்றியில் தெரியும் சிவப்புக் கோடு. அவர் மற்றவர்களின் செய்திகளை வாசிக்கிற மாதிரி, புருவத்தைச் சுருக்கிக்கொண்டு கேட்டார்.

“பிழை,” என்றார்.

“என்ன பிழை?” என்று மார்த்தா சீறினார்.

“கோடு எண்டு நிப்பாட்டினால் அது பக்கத்தில நிண்டு பாக்கிற ஆள் எழுதினது. அது கடிக்கும். கழட்டின பிறகு ஒரு மணித்தியாலத்துக்குச் சொறிய வேணும் போல இருக்கும், சொறிஞ்சால் இன்னும் சிவக்கும். போட்ட ஆளுக்குத்தான் அது தெரியும். அதைச் சேருங்கோ.” பிறகு சொன்னார், “என்ர பேரைப் போடுங்கோ. ஒஃபிஸ் எண்டு போடாதேங்கோ. கோழி ஃபக்ரறி, ஹூஸ்டன்.”

பதினேழு வருடம் அந்தக் கோட்டோடு வீட்டுக்குப் போனவன் நான். ஒவ்வொரு நாளும் பஸ்ஸில் சொறிந்தவன். ஆனாலும் விளக்கம் எழுதும்போது அதை விட்டுவிட்டேன். என் தோலையே நான் பக்கத்தில் நின்று பார்த்துத்தான் எழுதியிருக்கிறேன்.

அங்கேயே, மார்த்தாவின் குசினி மேசையில் இருந்து பிலாருக்கு எழுதினேன். லொரேனா அந்தச் சொல்லை வட்ஸ்அப்பில் முதலே கண்டதையும், அப்படியொரு சொல் இல்லையென்று எழுதியதையும், கதவைத் திறந்து நெற்றியைத் தடவியதையும், சட்டியையும், ஒன்றையும் மறைக்காமல் எழுதினேன். வெட்டிவிடுவார் என்றுதான் நினைத்தேன். முதலே கண்ட ஆள் அல்லவா?

பதில் வர ஒரு மணித்தியாலம் பிடித்தது. அதற்குள் மார்த்தாவும் லொரேனாவும் ஒரே கிறீம் போத்தலை வைத்துக்கொண்டு, எந்த ஃபக்ரறியில் இலாஸ்டிக் கூட இறுக்கம் என்று சண்டை பிடித்து முடித்திருந்தார்கள்.

“இல்லையென்று எழுதிக் கொடுத்துவிட்டு, நினையாமல் வாயில் எடுத்தவர்,” என்று பிலார் எழுதியிருந்தார். “இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைத்ததில்லை. ஏற்கப்பட்டது. அரிப்பு என்பது இருக்கட்டும்.”

இப்போது அந்தப் பக்கத்தை நீங்கள் திறந்தால் கொண்டுவந்தவர் மார்த்தா என்றும், விளக்கம் அந்தோனியோ, லொரேனா என்றும் இருக்கும். கீழே, கிரீடம் என்றும் சொல்வர் என்று ஒரு வரி. அதை எடுத்துவிடும்படி மார்த்தா இன்றைக்கும் கேட்கிறார்.

பிள்ளைகளே, இந்த வேலையில் நான் படித்தது இதுதான். வயிறு நிறைந்த மனிதர் தாங்கள் சொல்லாத சொல்லையும் சொல்வோம் என்பார். நெஞ்சில் ஏதோ கிடக்கிற மனிதர் தாங்கள் சொன்ன சொல்லையும் இல்லையென்பார். இரண்டு பேரையும் வாதாடி வெல்ல முடியாது. அதனால் இப்போது யாராவது, “அப்பிடியொரு சொல்லே இல்லை,” என்று அடித்துச் சொன்னால் நான் மறுத்துப் பேசுவதில்லை. கொப்பியை மூடி வைத்துவிட்டு, இந்த நாட்டுக்கு வந்து முதல் முதல் எங்கே வேலை செய்தீர்கள் என்று கேட்பேன். கேட்டுவிட்டு, பேசாமல் பக்கத்தில் இருப்பேன்.